ஒரு மலைக்கு நான்கு முகம்: பனியை மட்டும் பார்த்துத் திரும்பலாமா?

நம் நாட்டிலிருந்து துருக்கிக்குப் புறப்படும் சுற்றுலாத் திட்டங்களை எடுத்துப் பாருங்கள். பத்து நாள் என்றால் ஆறு ஊர் இருக்கும். இஸ்தான்புல், புர்சா, பாமுக்காலே, கொன்யா, கப்படோக்கியா, அங்காரா. இதில் புர்சாவுக்குக் கிடைப்பது ஒரு பகலும் ஓர் இரவும்தான். காலையில் பச்சைப் பள்ளிவாசல், பிறகு பட்டுச் சந்தை, அதன்பின் கேபிள் காரில் ஏறி உலுதா மலை. மேலே இரண்டு மணி நேரம் கிடைத்தால் அதிகம். பனியில் கால் புதைய நின்று ஒரு படம், சூடாக ஒரு கோப்பைத் தேநீர். கீழே பேருந்து காத்திருக்கிறது. "உலுதா பார்த்தாச்சு" என்று பட்டியலில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறோம்.

மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் 2024 செப்டம்பர் முதல் 2025 ஜூலை நடுப்பகுதி வரை நான் புர்சாவில் தங்கிப் படித்தேன். பெயரைக் கேட்டதும் பங்குச் சந்தையில் என்ன படிப்பு என்று கேட்காத உறவினர் இல்லை. இது புர்சா மலேசியா அல்ல. துருக்கியின் வடமேற்கில், மலையடிவாரத்தில் நீண்டு கிடக்கும் பெரிய நகரம். அந்தப் பதினொரு மாதத்தில் உலுதாவின் நான்கு பருவங்களையும் பார்த்தேன். அதனால் துணிந்து ஒன்று சொல்கிறேன்: பனிக்காலத்தில் மட்டும் போய் வந்தவர் அந்த மலையின் கால்பங்கைத்தான் பார்த்திருக்கிறார். இதில் இழப்பு நமக்கு மட்டுமென்றால் நான் எழுத வேண்டியதில்லை. நாம் எந்தப் பருவத்தைத் தேடிப் போகிறோமோ அந்தப் பருவத்துக்கு ஏற்றபடி மலையையே மாற்றி அமைத்துவிடுகிறார்கள். என் கவலை அதுதான்.

மலையைப் பற்றிச் சில செய்திகள்

உலுதாவின் உயரம் 2,543 மீட்டர். நம் கினபாலு மலை 4,095 மீட்டர். ஆகவே உயரத்தில் நமக்கு அது பெரிய அதிசயமில்லை. பெயரின் பொருள் மட்டும் 'பெரிய மலை'. நம் ஊரில் உலு லங்காட், உலு யாம் என்றால் உள்ளே ஒதுங்கிய இடம் என்று நினைப்போம். துருக்கி மொழியில் 'உலு' என்றால் பெரியது, உயர்ந்தது. இந்தப் பெயரும் 1925இல் வந்ததுதான். அதற்குமுன் அது 'துறவி மலை' என்று அழைக்கப்பட்டது. பைசாந்தியப் பேரரசுக் காலத்தில் கிறிஸ்துவத் துறவிகளின் மடங்கள் அங்கே இருந்தன.

மலையடிவாரத்தில் இருக்கும் புர்சாவை 1326இல் ஒட்டோமான்கள் கைப்பற்றித் தங்கள் தலைநகராக்கிக் கொண்டார்கள். 1961இல் உலுதா தேசியப் பூங்கா ஆனது. 1963இல் கேபிள் கார் ஓடத் தொடங்கியது. பழைய தடத்துக்குப் பதிலாகப் புதிதாகப் போடப்பட்ட இன்றைய தடம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர் நீளம். கெந்திங்கில் நாம் ஏறும் கேபிள் காரைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். நகரத்தின் ஓரத்தில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் பனிச்சறுக்கு ஹோட்டல்கள் இருக்கும் இடத்தில் இறங்கிவிடலாம்.

அடிவாரத்திலிருந்து உச்சி வரை இந்த மலையில் ஐந்து தாவர அடுக்குகள் இருக்கின்றன. அடியில் புன்னை இலை போலத் தடித்த இலை கொண்ட லாரல் மரங்கள். அதற்கு மேலே செஸ்நட், நம் இரவுச் சந்தையில் 'பெராங்கான்' என்று சூடாக வறுத்துத் தருவார்களே, அந்த மரம். அதற்கு மேலே பீச் மரங்கள். அதற்கும் மேலே ஃபர் மரக்காடு. இதில் ஒருவகை 'உலுதா ஃபர்' என்றே பெயர் பெற்றது, துருக்கியின் வடக்கு, வடமேற்குப் பகுதிகளில் வளர்வது. கடைசியில் மரமே இல்லாத உச்சிப் புல்வெளி. தாவரவியல் படிப்பவர்களுக்கு இந்த மலை ஒரு திறந்த பாடநூல். பனி மூடிய நாளில் போனால் அந்தப் பாடநூலின் அட்டையை மட்டும்தான் பார்க்க முடியும்.

இலையுதிர் காலம்: மலை தன்னைக் காட்டும் நேரம்

செப்டம்பரில் நான் போய் இறங்கியபோது மலை முழுவதும் ஒரே பச்சையாக இருந்தது. அக்டோபர் பிறந்ததும் அது வரிவரியாகப் பிரிந்தது. செஸ்நட் மரங்கள் மஞ்சளாகின. பீச் மரங்கள் செம்பு நிறமாகின. மேலே ஃபர் காடு மட்டும் கரும்பச்சையாக நின்றது. எந்த மரம் எந்த உயரத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்று நகரத்தின் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே சொல்லலாம். இலை உதிர்வதே பெரிதாகத் தெரியாத நாட்டில் பிறந்த எனக்கு, ஒரு மலை இரண்டு வாரத்தில் நிறம் மாறுவதைப் பார்ப்பது வகுப்பில் உட்கார்ந்து கற்க முடியாத பாடம்.

என் அறைத்தோழியின் பெரியம்மா மலையடிவாரத்தில் ஜுமாலிகிசிக் என்ற கிராமத்தில் இருக்கிறார். ஒட்டோமான் காலத்துக் கல்லும் மரமும் கலந்த வீடுகளைக் கொண்ட அந்தக் கிராமமும் புர்சா நகரமும் 2014இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. துருக்கியரும் நம்மைப் போலவே அம்மாவின் உடன்பிறந்தவரை ஒரு பெயராலும் அப்பாவின் உடன்பிறந்தவரை வேறொரு பெயராலும் அழைப்பவர்கள். அம்மாவின் சகோதரி 'தெய்ஸே', அப்பாவின் சகோதரி 'ஹாலா'. "ஆண்ட்டி" என்று எல்லாரையும் ஒரே சொல்லில் அடக்கிப் பழகிவிட்ட நமக்கு இது கொஞ்சம் உறைக்கும். நான் அவரைத் தெய்ஸே என்றே அழைத்தேன்.

அந்த ஊரில் அக்டோபர் என்றால் செஸ்நட் பொறுக்கும் மாதம். முள்பந்து போன்ற ஓட்டைக் காலால் மிதித்துப் பிளந்து கொட்டையை எடுக்க வேண்டும். சர்க்கரைப் பாகில் ஊறிய செஸ்நட் புர்சாவின் புகழ்பெற்ற இனிப்பு. "முன்பெல்லாம் கூடை கூடையாகப் பொறுக்குவோம் மகளே, இப்போது எண்ணி எண்ணிப் பொறுக்குகிறோம்" என்றார் தெய்ஸே. நோய் தாக்கி மரங்கள் பட்டுப்போய்விட்டன. இனிப்புக் கடையில் பளபளக்கும் பெட்டியை வாங்கிவரும் பயணிக்கு இது தெரியாது. தெரிய வழியும் இல்லை. அவர் வருவது பனி பெய்யும்போது. அப்போது பட்ட மரமும் பசுமரமும் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும்.

குளிர்காலம்: கூட்டத்தின் நேரம்

பனியை நான் குறைத்துச் சொல்லவில்லை. நகரத்தின் தொபானே பகுதியிலிருந்து புறப்படும் சிற்றுந்தில்தான் மாணவர்கள் மலைக்குப் போவோம். கேபிள் காரைவிட மலிவு. பனி பெய்த நாளில் சாலையில் காவல் படையினர் வண்டியை நிறுத்திச் சக்கரத்துக்குச் சங்கிலி இருக்கிறதா என்று பார்த்த பின்பே மேலே விடுவார்கள். மேலே இறங்கியதும் காதில் விழுவது அமைதி. பனி ஒலியை விழுங்கிவிடும். அந்த அமைதிக்காகவே இன்னொரு முறை போகலாம்.

ஆனால் ஜனவரி மாத இறுதியில் அந்த அமைதி இருக்காது. துருக்கியில் பள்ளிகளின் இரண்டு வார இடைவிடுமுறை அப்போதுதான் வருகிறது. நாட்டின் பாதிப் பேர் மலைக்கு வந்துவிட்டார்களோ என்று தோன்றும். பனிச்சறுக்குக் காலணி வாடகைக்கு எடுக்க வரிசை, ஏறுதடத்துக்கு வரிசை, கழிவறைக்கு வரிசை. ஆண்டு முழுவதற்கும் தேவையான வருமானத்தைச் சில வாரங்களில் ஈட்டிவிட வேண்டும் என்ற அவசரம் எல்லா முகத்திலும் தெரியும்.

2025 ஜனவரி 21ஆம் தேதி அதிகாலை, போலு மாநிலத்தின் கர்தால்காயா பனிச்சறுக்கு மையத்தில் ஒரு ஹோட்டல் தீப்பற்றியதில் 78 பேர் இறந்தார்கள். விடுமுறைக்கு வந்த குடும்பங்கள். குழந்தைகள் பலர். அது உலுதாவில் நடந்ததல்ல, வேறு மலை. ஆனால் அன்று எங்கள் விடுதியில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தேசியத் துக்க நாள் அறிவிக்கப்பட்டது. தீக்கான காரணங்களை ஆராய்வது நீதிமன்றத்தின் வேலை; நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒரு மலையில் ஒரே பருவத்தில், ஒரே வாரத்தில் எல்லாரும் கூடும்போது ஒரு தவறு எத்தனை உயிர்களைத் தொடும் என்பதை மட்டும் அன்று உணர்ந்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புர்சாவில் 'லோதோஸ்' என்ற தென்மேற்குக் காற்று வீசும். குளிர்காலத்திலும் வெதுவெதுப்பாக, பலமாக அடிக்கும். அது எழுந்தால் கேபிள் கார் நின்றுவிடும். பிப்ரவரியில் ஒருநாள் கீழ் நிலையத்தில் ஜோகூரிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தைச் சந்தித்தேன். பாட்டிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு சட்டை, அதன்மேல் குளிர்ச்சட்டை, தலையில் கம்பளித் தொப்பி என்று தயாராக நின்றார். காற்று அடங்கவில்லை. வழிகாட்டிக்கு மாலைக்குள் அடுத்த ஊரில் இருந்தாக வேண்டும். பேருந்து கிளம்பியது. "பரவாயில்ல ஐயா, தூரத்துல இருந்தாவது வெள்ளையா தெரிஞ்சுச்சே" என்று பாட்டி சொன்னார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. காற்று காற்றின் வேலையைச் செய்தது. மலைக்கு இரண்டு மணி நேரம் மட்டுமே ஒதுக்கிய திட்டத்தில் காற்றுக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

வசந்தம்: மலை ஊருக்கு நீர் தரும் நேரம்

2025இல் நோன்பு மாதம் மார்ச்சில் வந்தது. நோன்புப் பெருநாள் முடிந்து ஏப்ரல் பிறந்ததும் நகரம் முழுவதும் நீரின் ஓசை. பழைய தெருக்களில் பொதுக்குழாய்கள், ஓடைகள், பாலத்தின் அடியில் பாய்ச்சல். மேலே பனி உருகுகிறது என்று வானொலி சொல்லத் தேவையில்லை. மலையின் நீர் நிலுஃபெர் ஆற்றில் சேர்கிறது. நிலுஃபெர் என்றால் அல்லி மலர். ஒட்டோமான் அரசர் ஒர்ஹானின் மனைவி பெயர் அது. அந்தச் சொல் பாரசீகம் வழியாகச் சமஸ்கிருதத்தின் நீலோத்பலத்திலிருந்து வந்தது என்பார்கள். நாம் நீலோற்பலம் என்று படித்த அதே பூ, அங்கே ஓர் ஆறாக ஓடுகிறது.

இந்த ஆற்றின் குறுக்கே கட்டிய அணைகள்தான் புர்சாவின் குடிநீருக்கு முக்கிய ஆதாரம். முப்பது லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழும் மாநிலம் அது. ஆக, டிசம்பரில் விழும் பனி பயணிக்கு விளையாட்டுத் திடல். ஊர்க்காரருக்கு அது மலைமேல் சேமித்து வைத்த தண்ணீர்த் தொட்டி. பனி குறைந்த ஆண்டில் ஹோட்டல்காரர் கவலைப்படுவது செய்தியில் வரும். அடுத்த கோடையில் குழாயைத் திறக்கும் குடும்பத்தலைவியின் கவலை அவ்வளவு வெளிச்சத்துக்கு வராது.

பழைய காலத்தில் இந்தப் பனிக்கு வேறொரு பயணமும் இருந்தது. உலுதாவின் பனியையும் பனிக்கட்டியையும் வெட்டி எடுத்து, கழுதைகளில் கீழே இறக்கி, முதான்யா துறைமுகத்தில் படகேற்றி இஸ்தான்புல் அரண்மனைக்கு அனுப்பினார்கள். சுல்தானின் சர்பத் குளிர்ந்தது அப்படித்தான். அன்று பனி மக்களைத் தேடிப் போனது. இன்று மக்கள் பனியைத் தேடிப் போகிறார்கள்.

மே மாதத்தில் மேலே போனால் உருகும் பனியின் விளிம்பில் மஞ்சள் குரோக்கஸ் பூக்கள் நிற்கும். நேற்றுப் பனி இருந்த இடத்தில் இன்று பூ. கூட்டம் இல்லை. கடைகள் பாதி மூடியிருக்கும். தேநீர்க்காரருக்குப் பேச நேரம் இருக்கும். அடிவாரத்தில் முசுக்கொட்டை இலைகள் துளிர்த்துவிட்டன. புர்சா பட்டு நகரம். 1491இல் கட்டப்பட்ட 'கோசா ஹான்' என்ற சத்திரத்தின் பெயரே 'பட்டுக்கூட்டுச் சத்திரம்' என்று பொருள்படும். சுற்றுலாவில் பட்டுத் துணியை மட்டும் பார்க்கிறோம். இலை துளிர்க்காமல் புழு இல்லை, புழு இல்லாமல் பட்டு இல்லை என்பதை வசந்தத்தில்தான் கண்ணால் பார்க்க முடியும்.

கோடை: ஊர் மலையேறும் நேரம்

ஜூன் பிறந்தால் புர்சாவில் வெயில் நம் ஈப்போ வெயிலுக்குச் சளைக்காது. வார இறுதியில் குடும்பம் குடும்பமாக மலையில் பாதி உயரத்திலுள்ள சரியாலான் மேட்டுக்கு ஏறுகிறார்கள். கடையில் இறைச்சியை வாங்கி, அங்கேயே தரும் கரி அடுப்பில் நாமே வாட்டிச் சாப்பிடலாம். பாட்டி பாயில் படுத்திருப்பார். பிள்ளைகள் ஃபர் மரத்தடியில் பந்து விளையாடுவார்கள். போர்ட்டிக்சன் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை பார்க்கும் அதே காட்சி, கடலுக்குப் பதில் காடு.

அங்கிருந்து இன்னும் மேலே போனால் பனிச்சறுக்கு ஹோட்டல்கள். பல மூடியிருக்கும். ஏறுதடத்தின் நாற்காலிகள் வெறுமனே தொங்கும். பனி மறைத்து வைத்திருந்த மண் அரிப்பும் குப்பையும் இப்போது கண்ணுக்குத் தெரியும். இதைப் பார்ப்பது இனிமையான அனுபவமல்ல. ஆனாலும் பார்க்க வேண்டும். பனிக்காலத்தில் நாம் நடந்த தடம் கோடையில் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் 'இயற்கையை நேசிக்கிறேன்' என்று படத்துக்குக் கீழே எழுதுவதில் பொருளில்லை.

அதையும் தாண்டி நடந்தால் 1989இல் மூடப்பட்ட வொல்ஃப்ரம் சுரங்கத்தின் பாழடைந்த கட்டடங்கள் வரும். அதற்கப்பால் உச்சியை ஒட்டி, பழங்காலப் பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன குழிகளில் சிறிய ஏரிகள். வழியில் வெள்ளைச் சிறகில் சிவப்புப் பொட்டு வைத்த அப்பல்லோ பட்டாம்பூச்சி. எங்கள் குழுவில் இருந்த உயிரியல் மாணவர் அதைக் கண்டதும் சத்தம் போடாமல் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த நடைக்கு ஒரு முழு நாள் வேண்டும். மூடுபனி இறங்கினால் வழி தப்பும். தனியாகப் போகக்கூடாது, வழி தெரிந்தவர்களோடுதான் போக வேண்டும்.

நான் நாடு திரும்பிய சில நாட்களில், ஜூலை இறுதியில், புர்சாவைச் சுற்றியுள்ள காடுகளில் பெருந்தீ. ஆயிரக்கணக்கானோரை வீடுகளிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். அறைத்தோழி அனுப்பிய படத்தில் வானம் செம்மஞ்சளாக இருந்தது. பனிக்கால மலையை மட்டும் அறிந்த ஒருவருக்கு அந்தப் படம் வேறு ஏதோ ஊர் போலத் தோன்றியிருக்கும். எனக்கு ஒவ்வொரு மேடும் அடையாளம் தெரிந்தது.

பருவம் பார்ப்பதால் என்ன மாறிவிடும்?

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன்.

2023 தொடக்கத்தில் துருக்கி நாடாளுமன்றம் உலுதாவுக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி மலையின் ஒரு பகுதி, தேசியப் பூங்காவுக்கான நிர்வாகத்திலிருந்து பிரிக்கப்பட்டு, கலாசார, சுற்றுலா அமைச்சோடு இணைந்த தனி அமைப்பின் பொறுப்புக்கு மாறியது. நிர்வாகக் குழப்பம் தீரும், சுற்றுலா வளரும் என்றது அரசுத் தரப்பு. காடு கட்டடமாகும் என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்த்தன. நான் அந்நாட்டுக் குடிமகள் அல்ல. எந்தச் சட்டம் வேண்டும் என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். ஆனால் அந்த விவாதத்தில் பயணிகளாகிய நமக்கும் ஓர் ஓட்டு உண்டு. நாம் எந்த மாதம் போகிறோம், எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதே அந்த ஓட்டு.

எல்லாரும் பனிக்கு மட்டும் பணம் கொடுத்தால், மலை பனிக்காக மட்டும் கட்டப்படும். இன்னும் ஹோட்டல், இன்னும் அகலமான சாலை, இன்னும் நீளமான தடம். அக்டோபரில் செஸ்நட் பொறுக்கும் கிராமத்துக்கும், மே மாதத் தேநீர்க் கடைக்கும், ஜூலையில் மலைவழி காட்டும் இளைஞருக்கும் அந்த வருமானத்தில் பங்கு குறைவு. அவர்களுக்குப் பங்கு இல்லாவிட்டால் அவர்கள் பேச்சுக்கும் மதிப்பு இருக்காது.

இதைப் புரிந்துகொள்ள நாம் துருக்கி வரை போக வேண்டியதும் இல்லை. கேமரன் மலை என்றால் தேயிலைப் பச்சையும் ஸ்ட்ராபெரியும்தான் நம் படங்களில் இருக்கும். 2013 அக்டோபரில் அணை நீர் திறக்கப்பட்டு பெர்த்தாம் வேலியில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போனபோதுதான், சரிவுகளை வெட்டித் தோட்டமாக்கியதால் மண் ஆற்றில் சேர்ந்த கதையை நாடு பேசியது. விடுமுறையில் போனவர்கள் மழைக்காலத்துக் கேமரனைப் பார்த்ததில்லை. அங்கே வாழும் நம்மவர்கள் ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தமிழ் இலக்கியம் படித்த மாணவர்களுக்கு இது புதிய கருத்தே அல்ல. தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது இரண்டை: நிலம், பொழுது. குறிஞ்சி என்றால் மலை மட்டுமன்று. கூதிரும் முன்பனியும் சேர்ந்தால்தான் அது குறிஞ்சி. இடத்தைச் சொல்லிக் காலத்தைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும் என்பது நம் இலக்கணம். தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்த வரையறை, பயணத்துக்கு இவ்வளவு பொருந்தும் என்று நான் புர்சாவில்தான் உணர்ந்தேன்.

எதிர்க்கேள்விகள்

"ஓராண்டு தங்கிப் படிக்க உனக்கு வாய்ப்புக் கிடைத்தது, எல்லாருக்கும் கிடைக்குமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லாராலும் முடியாது. பத்து நாள் விடுப்புக்கே முதலாளியிடம் கெஞ்ச வேண்டிய குடும்பங்கள் நம்மிடையே நிறைய. வாழ்நாளில் ஒருமுறை பனியைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படும் அந்த ஜோகூர்ப் பாட்டியிடம் போய் "நான்கு பருவமும் பார்த்தால்தான் சரி" என்று சொல்ல எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை.

"பனிச் சுற்றுலாவை நம்பித்தானே அங்கே பலர் பிழைக்கிறார்கள்?" என்றும் கேட்கலாம். உண்மை. குளிர்காலத்தில் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எல்லாரும் அப்போது மட்டுமே போவதுதான் சிக்கல். பயணிகள் பன்னிரண்டு மாதத்துக்கும் பரவினால் பிழைப்பும் பன்னிரண்டு மாதத்துக்குப் பரவும். மூன்று மாத வேலைக்குப் பிறகு ஒன்பது மாதம் வேறு வேலை தேடும் இளைஞருக்கு அது நல்லதே.

நான் பேசுவது முக்கியமாக நம்மைப் போன்ற மாணவர்களிடம். நமக்குப் பணம் குறைவு; ஆனால் நேரம் கொஞ்சம் அதிகம். அந்த நேரத்தைப் பயன்படுத்தலாம்.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, ஊர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். பத்து நாளில் ஆறு ஊருக்குப் பதில் இரண்டு ஊர் போதும். புர்சாவில் நான்கு நாள் தங்கினால் ஒருநாள் காற்று அடித்தாலும் மறுநாள் மலையேறலாம். பேருந்துக் கட்டணமும் மிஞ்சும்.

இரண்டாவது, மே, ஜூன், அக்டோபர் மாதங்களை யோசியுங்கள். கூட்டம் குறைவு. மலேசிய, சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்கள் சுற்றுலாவுக்குத் துருக்கியில் விசா இன்றி 90 நாள் வரை தங்கலாம். நீண்ட விடுமுறை கிடைக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு.

மூன்றாவது, படிக்கப் போகும் வழிகளைத் தேடுங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் அனைத்துலகப் பிரிவில் பரிமாற்றத் திட்டங்களைக் கேளுங்கள். துருக்கி அரசு வெளிநாட்டு மாணவர்களுக்கு 'துர்கியே புர்ஸ்லாரி' என்ற உபகாரச் சம்பளம் வழங்குகிறது, இளங்கலைக்கும் உண்டு. விண்ணப்பம் வழக்கமாக ஆண்டின் தொடக்கத்தில், ஜனவரி, பிப்ரவரியில் திறக்கும். எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, போக முடியாவிட்டாலும் இதைச் செய்யலாம். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மலையைத் தேர்ந்தெடுங்கள். குனோங் லெடாங், பினாங்குக் கொடிமலை, புக்கிட் தீமா, எதுவானாலும் சரி. நமக்குப் பனியும் வசந்தமும் இல்லைதான். மழைக்காலம் உண்டு, வறண்ட மாதம் உண்டு, புகைமூட்டம் வரும் மாதம் உண்டு, டுரியான் பழுக்கும் மாதம் உண்டு. ஓராண்டில் நான்கு முறை அதே பாதையில் நடந்து, பார்த்ததை எழுதி வையுங்கள். நான்காவது முறை நடக்கும்போது, முதல் முறை எதையெல்லாம் கவனிக்காமல் போனோம் என்று உங்களுக்கே தெரியும்.

பயணத்தை எத்தனை நாடு, எத்தனை ஊர் என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஒரே இடத்துக்கு எத்தனை முறை போனோம், எந்தெந்தக் காலத்தில் போனோம் என்றும் இனி எண்ணிப் பார்ப்போம். அடுத்த முறை யாராவது "அந்த மலையைப் பார்த்துவிட்டேன்" என்று சொன்னால், "எந்த மாதம்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை முதலில் நம்மிடமே கேட்டுக்கொள்வோம்.